என் முகத்தைக் கட்டம் கட்டமாக்கிய நாலேழு அண்ணாச்சி

ஒரு மனிதனைப் பார்த்த மாத்திரத்தில் அவனுக்கு எத்தனை மெகாபிட் வேண்டும் என்று சொல்லக்கூடிய ஆள் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் சங்கரன்கோவிலில் இருந்தார். ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில், ஒரு விசைத்தறிக்கூடத்தின் சுவரை ஒட்டி, ஒரு பீரோவும் ஓர் ஆளும் நிற்கும் அளவுக்கு ஒரு கடை வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று ஊர்க்காரர்கள் எடுத்த வீடியோ கேசட்டுகளை டிவிடியாக மாற்றிக் கொடுப்பது தொழில். பெயர் எனக்குத் தெரியாது. தெருவுக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் நாலேழு அண்ணாச்சி.

ஒரு டிவிடி நாலு புள்ளி ஏழு ஜிபி கொள்ளும் என்று உறையில் போட்டிருக்கும். அவருடைய வாழ்க்கையின் மொத்தச் சண்டையும் அந்த எண்ணோடுதான். ஏனென்றால் அதையே கம்ப்யூட்டரில் போட்டால் நாலு புள்ளி மூன்று ஏழு என்று காட்டும். ஆயிரத்தால் பெருக்குவதா, ஆயிரத்து இருபத்துநாலால் பெருக்குவதா என்கிற கணக்கு வித்தியாசம்தான் அது. அவருக்கும் அது தெரியும். தெரிந்தும் மன்னிக்கவில்லை. ராஜபாளையத்தில் டிஸ்க் விற்ற மொத்த வியாபாரியிடம் ஒவ்வொரு முறையும் போய் நிற்பார்.

"மிச்சம் எங்க வே?"

"அண்ணாச்சி, நான் விக்கிற ஆளு. நானா உள்ள உக்காந்து தின்னேன்?"

"இருபது நிமிசக் கல்யாணம் போகுது வே! ஒரு பந்தியே காணாமப் போகுது! நீரு சாதாரணமாச் சொல்லுதீரு."

பந்தி என்ற அந்தச் சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் என் மானத்தை வாங்கப் போவது அதுதான்.

பிட்ரேட் என்றால் என்ன என்று எனக்கு அவர்தான் சொல்லிக்கொடுத்தார். படத்தின் ஒவ்வொரு வினாடிக்கும் எவ்வளவு விவரம் ஒதுக்குகிறோம் என்ற அளவு அது. டிஸ்க்கில் இருக்கும் இடம் ஒன்றே. ஒரு மணி நேரப் படம் என்றால் வினாடிக்கு எட்டு மெகாபிட் தாராளமாகக் கொடுக்கலாம். இரண்டு மணி நேரம் என்றால் ஐந்துக்குள். நாலரை மணி நேரம் என்றால் இரண்டும் சொச்சமும்தான். அளவு போதாவிட்டால் படம் சதுரம் சதுரமாக உடைந்துவிடும். ஆடாமல் நிற்கிற உருவத்துக்குக் கொஞ்சம் இருந்தால் போதும். முந்தின நொடிக்கும் இந்த நொடிக்கும் எதுவும் மாறவில்லை அல்லவா. ஆடுகிற உருவம்தான் எல்லாவற்றையும் தின்னும்.

"நான் குருவிகுளத்துப் பக்கம், மானாவாரி ஆளு" என்பார். "கெடைக்க தண்ணியப் பாத்தி பாத்தியாப் பங்கு வைக்கத் தெரியும். நீங்க சிவகிரிப் பக்கம் நஞ்சைக்காரக. மடையத் தொறந்து விட்டுட்டு வீட்டுக்குப் போயிருவிய."

அந்தப் பாடத்தை அவர் கடையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. டீக்கடையில் தினத்தந்தி படித்தபடி நிதானமாக வடை தின்றுகொண்டிருக்கும் பெரியவரைப் பார்த்து, "உங்களுக்கு ஒண்ணரை போதும். நல்ல மனுசன்" என்பார். அவரும் எதற்கென்று தெரியாமல் கும்பிடுவார். குழந்தைகளைக் கண்டால் தலையில் கை வைத்துக்கொள்வார். என்னை முதன்முதலில் பார்த்த அன்று என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். எனக்கு உட்கார்ந்தால் கால் ஆடும். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்த முப்பது வருஷமும் என் மேஜை ஆடிக்கொண்டுதான் இருந்தது.

"அண்ணாச்சிக்கு ஏழு வேணும்" என்றார். "காலுக்கு மட்டுமே ரெண்டு."

அவர் மட்டும் என்னவாம்? கடையில் ஸ்டூல் கிடையாது. அவருடைய பழைய கம்ப்யூட்டர் ஒரு கல்யாணத்தை அமுக்கி முடிக்கப் பதினொரு மணி நேரம் எடுக்கும். அந்தப் பதினொரு மணி நேரமும் அவர் நின்றபடியே இருப்பார், இல்லையென்றால் கடைக்கும் தறிக்கூடத்து வாசலுக்கும் நடந்துகொண்டிருப்பார். உட்கார்ந்தால் கரண்டு போய்விடும் என்பது அவர் நம்பிக்கை. அது தினமும் பல மணி நேரம் கரண்டு போன காலம். பக்கத்துச் சுவருக்கு அப்பால் தறிகளின் தடதடப்பு நின்ற அந்த நொடியில் தெருமுனை வரை அவர் குரல் கேட்கும்: "ஏலே, தொண்ணூத்தி மூணு சதவீதம்லே!" தறிக்காரர்களுக்கு அவர்களுடைய நஷ்டத்தைவிட இவருடைய சதவீதம் மனப்பாடம்.

கல்யாண வீடியோவில் அவருக்கு இரண்டு பகைகள். ஒன்று மினுக்குகிற சீரியல் செட் விளக்கு. மண்டபத்துக்கே போய், "நிலையா எரிய விடுங்க, இல்ல அணைச்சிருங்க" என்று மன்றாடுவார். இரண்டாவது அட்சதை. தாலி கட்டுகிற அந்த நொடியில் நானூறு பேர் அரிசியும் பூவும் எறிவார்கள். ஒவ்வொரு மணியும் தனித்தனியாக ஆடிக்கொண்டு விழும். காமிராக்காரர்களின் வெளிச்சம் வேறு பளிச்பளிச்சென்று அடிக்கும். நாலரை மணி நேரத்தில் எந்த நொடி தெளிவாக இருக்க வேண்டுமோ, அந்த நொடியில்தான் மணமக்கள் சதுரமாக உடைவார்கள். ஒரு கல்யாணத்தில் இவர் தாங்கமாட்டாமல் மேடையேறி, "எறியாதிய! ஒவ்வொருத்தரா வந்து மெதுவாத் தலையில வைங்க!" என்று கத்தியிருக்கிறார். மாப்பிள்ளையின் தாய்மாமன் அவரைப் படியிறக்கிவிட்டது அந்த வீடியோவிலேயே இருக்கிறது. இவர் அதையும் வெட்டவில்லை. தனக்கு ஒன்றரை மெகாபிட் ஒதுக்கிக்கொண்டார்.

வெட்டுவது என்பதே அவரிடம் கிடையாது. இந்த ஊரில் கல்யாண வீடியோ என்பது யார் யார் வந்தார்கள் என்பதற்குச் சாட்சி. வந்த ஒருவரை வெட்டிவிட்டால் அவர் அடுத்த விசேஷத்துக்கு வரமாட்டார். "வெட்டுத சோலி நம்மட்ட இல்ல. வந்த எல்லாரும் உள்ள இருப்பாக. எவ்வளவு தெளிவா இருப்பாகங்கதுதான் பேச்சு" என்பார்.

இந்த மனிதரிடம்தான் என் மகளின் கல்யாணம் போய்ச் சேர்ந்தது. பதினைந்து வருஷம் ஆகிறது.

நாலரை மணி நேரம், மூன்று கேசட். "ரெண்டு டிஸ்க்காப் போட்டா முத்து மாதிரி இருக்கும்" என்றார். நானும் சரி என்றேன். ஆனால் மகளின் மாமியார் ஒப்பவில்லை. "கல்யாணத்த யாராவது ரெண்டாப் பிரிப்பாகளா? ஒரு தட்டுல இருக்கட்டும் சம்பந்தி. தாலி ஒரு தட்டு, நலுங்கு ஒரு தட்டுன்னா நல்லாவா இருக்கு?" என்றார். நான் எம்.ஏ. படித்தவன். அதைக் கேட்டதும் எனக்கும் பயம் வந்துவிட்டது. எட்டரை ஜிபி டிஸ்க் மதுரையில் கிடைத்தது, ஆனால் சம்பந்தி வீட்டு டிவிடி பிளேயர் அதை ஏற்காமல் வெளியே தள்ளியது.

நாலேழு அண்ணாச்சி இரண்டு நாள் தறிக்கூடத்து வாசலில் நடந்தார். மூன்றாம் நாள் எனக்குச் சொல்லி அனுப்பினார்.

"ஒரே தட்டுதான். நாதஸ்வரத்தையும் அமுக்கியாச்சு, சத்தத்துல கொஞ்சம் இடம் கெடைச்சுட்டு. இனிமே ஆளுகளப் பங்கு பிரிக்கணும். நோட்டு கொண்டாங்க."

"கம்ப்யூட்டரே பிரிச்சுக்காதா?"

"பிரிக்கும். ரெண்டு தடவை ஓட்டிப் பாத்துப் பிரிக்கும். ஆனா அதுக்கு யாரு தாய்மாமன், யாரு சமைக்க வந்த தவசிப்பிள்ளைன்னு தெரியாதுல்லா?"

மூன்று பிற்பகல்கள் நின்றுகொண்டே என் சொந்தபந்தங்களை நிறுத்துப் பார்த்தோம். தாலி கட்டுக்கு எட்டு. அதில் பேச்சே இல்லை. மற்ற எல்லாரிடமும் கிள்ளிக் கிள்ளி எடுத்து அந்த அட்சதைக்குச் சேர்த்தார். "உங்க பெரியப்பா நாற்காலில உக்காந்தவுக எந்திரிக்கவே இல்ல. ஒண்ணு போதும். உங்க மச்சினிச்சி கைய ஆட்டி ஆட்டிப் பேசுதாக, மூணு வேணும்." இப்படியே போய், பந்தி வந்தது.

இங்கே நான் என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு ஒரே தம்பி. முதல் பந்தியில் உட்கார்ந்து ஒரு வாய் வைத்தவன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "சாம்பார்ல உப்பே இல்லையே" என்றான். எதிர்வரிசையில் சம்பந்தி வீட்டார். யாரோ சிரித்தார்கள். நான் சமையல்கட்டுப் பக்கம் திரும்பி நடந்தேன். எனக்குக் கண் தெரியவில்லை. மத்தியானம் அவனைக் கூப்பிட்டு, "ஏலே, என் மகள் கல்யாணத்துல என்னைக் கேவலப்படுத்திட்டேல்லா? இனிமே என் வாசல்ல மிதிக்காத" என்றேன். அவன் ஏதோ சொல்ல வந்தான். நான் நிற்கவில்லை. அவன் மிதிக்கவும் இல்லை.

நோட்டில் 'தம்பி, பந்தி, ஒன்பது நிமிஷம்' என்று எழுதியிருந்தார்.

"வெட்டிரும்" என்றேன்.

"வெட்டுதது இல்லன்னு சொன்னம்லா."

"அப்ப முக்கால் மெகாபிட் போடும்."

"முக்காலா? அதுல மூக்கு எது முழி எதுன்னு தெரியாது அண்ணாச்சி."

"தெரிய வேண்டாம்."

அவர் பேனாவை மூடினார். "அந்தப் பந்தியத் திருப்பிப் பாத்தியளா?"

"பாக்க என்ன இருக்கு? நானே என் காதால கேட்டேன்."

"காதால கேட்டிய. ஒரு தடவ கண்ணால பாத்துருங்களேன். இந்தா, போடுதேன்."

"எழுதும் வே!"

எழுதினார். பிறகு மெதுவாக, "உங்களுக்கு எவ்வளவு?" என்று கேட்டார். நான் வாசலில் நின்று வரவேற்றது, ஓடியது, கத்தியது என்று முப்பத்தைந்து நிமிஷம் இருந்தது. பெண்ணைப் பெற்றவன். "ஆறு" என்றேன். ஆறு என்று எழுதிவிட்டு என் காலைப் பார்த்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டில் எல்லோரும் கூடி அந்த டிஸ்க்கைப் போட்டோம். தாலி கட்டு வந்தபோது எல்லோரும் டிவிக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு அரிசியும் தனியாக விழுந்தது. மருமகனின் காதோரம் ஒரு ரோஜா இதழ் ஒட்டியதுகூடத் தெரிந்தது. மாமியார் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதன்பிறகு வரவேற்பு வந்தது. மண்டப வாசலில் சதுரங்களின் குவியல் ஒன்று கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு இங்கும் அங்கும் ஓடியது.

"இது யாரு?" என்றது ஒரு குரல்.

"நம்ம சம்பந்திதான். என்ன சம்பந்தி, கட்டம்போட்ட லுங்கிய மூஞ்சில கட்டிட்டு நின்னியளா?"

சிரிப்பு அடங்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. பந்தி வந்ததும் ரிமோட்டைப் பிடுங்கி ஓட்டிவிட்டேன். என் சதுரத்தைப் பார்த்த கண்ணால் அவனுடைய சதுரத்தையும் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

நேரே கடைக்குப் போனேன். வாசலில் கேசட்டோடு இரண்டு வீட்டார் நின்றார்கள். எனக்கு அது வசதியாகப் போயிற்று.

"ஆறு போடச் சொன்னேன். எங்க வே ஆறு?"

"இடம் பத்தல அண்ணாச்சி."

"என் மகள் கல்யாணத்துல எனக்கு இடமில்லையா?"

"நீங்க ஒரு இடத்துலயும் நிக்கலியே."

நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவ்வளவுதான். "கேசட்ட வாங்கிட்டுப் போங்க. இந்த ஆளு தொழில் தெரியாதவன், ஏமாத்துக்காரன். உங்க வீட்டு விசேஷத்தையும் இப்படித்தான் நாசமாக்குவான்" என்றேன். கம்ப்யூட்டரில் எதுவோ ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதன் சதவீதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அத்தோடு விட்டேனா? அலுவலகத்தில் சொன்னேன். சலூனில் சொன்னேன். கோவில் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவரிடமும் பின்னால் நின்றவரிடமும் சொன்னேன். நான் படித்தவன், அரசு உத்தியோகம், சொன்னால் நம்புவார்கள். இரண்டு முகூர்த்த சீசனில் அந்தக் கடைக்குக் கேசட் வருவது நின்றது. ஒரு நாள் அங்கே செல்போன் உறை தொங்கியது. பென் டிரைவ் வந்ததால்தான் அவர் கடை போயிற்று என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பென் டிரைவ் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது நான்.

சென்ற பங்குனியில் தம்பி போய்விட்டான். காலையில் வயலுக்குப் போனவன் வரப்பிலேயே சரிந்துவிட்டான். பதினைந்து வருஷத்துக்குப் பிறகு அவன் முகத்தைப் பார்த்தபோது அவன் கண் மூடியிருந்தது.

பதினாறாம் நாள் முடிந்து தம்பி மனைவி என்னிடம் வந்தாள். "அத்தான், அவுக முகம் தெரியுத மாதிரி ஒரு படம் இல்ல. ஆதார் அட்டைப் படந்தான் இருக்கு, அது யாரோ மாதிரி இருக்கு. பாப்பா கல்யாண வீடியோல இருப்பாகல்லா? அதுல இருந்து ஒண்ணு எடுத்துத் தாங்களேன்."

தேடிப் பார்க்கிறேன் என்றேன். தேடுவதற்கு ஒன்றுமில்லை, பீரோவில் மேல்தட்டில் இருந்தது. அதில் என்ன இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். முக்கால் மெகாபிட். மூக்கு எது முழி எது என்று தெரியாது. அப்படி எழுதச் சொன்னவன் நான். நாலு நாள் நான் ஓரிடத்தில் உட்காரவில்லை. "என்னங்க, சாப்பாட்ட நின்னுக்கிட்டாத் திங்கிறது?" என்று என் மனைவி கேட்டாள். ஐந்தாம் நாள் மகளுடைய பழைய லேப்டாப்பில் அந்த டிஸ்க்கைப் போட்டேன். பந்திக்கு நகர்த்திவிட்டு, பாதிக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன்.

தம்பி பளிச்சென்று இருந்தான்.

நெற்றிச் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது தெரிந்தது. வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டான் போல. கை கழுவிய ஈரம் முழங்கை வரை மின்னியது. இடது கையில் ஒரு எவர்சில்வர் கிண்ணம். இலை இலையாகக் குனிந்து ஓரத்தில் ஒரு சிட்டிகை வைத்துக்கொண்டு போனான். அன்று பரிமாறியவர்கள் உப்பு வைக்க மறந்திருக்கிறார்கள். சாம்பாரிலும் இல்லை, இலையிலும் இல்லை. குறை சொல்லிவிட்டு அவன் சும்மா உட்காரவில்லை. சம்பந்தி வீட்டு வரிசை முழுக்க, ஒவ்வொருவரிடமும் ஏதோ வேடிக்கை சொல்லிச் சிரிக்கவைத்துக்கொண்டு, என் மகளின் பந்தியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான். இலையில் அவன் வைத்த கல்லுப்பு தெரிந்தது. அந்த அளவுக்குத் தெளிவு.

லேப்டாப்பில் ஓடுகிற படத்தின் பிட்ரேட்டைக் காட்டும் வசதி இருந்தது. அந்த ஒன்பது நிமிஷம் ஆறு. வாசலில் தொடங்கும் என் முப்பத்தைந்து நிமிஷத்துக்கு நகர்த்திப் பார்த்தேன். முக்கால். நாலேழு அண்ணாச்சி நோட்டில் எங்கள் இரண்டு பேருடைய எண்ணையும் இடம் மாற்றிவிட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஒன்பது நிமிஷத்தில் அவனுக்குப் பின்னால் நான் ஒரு முறை குறுக்கே ஓடுகிறேன். யாரையோ பார்த்துக் கத்திக்கொண்டு ஓடுகிறேன். தம்பி திரும்பி என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். நாலரை மணி நேரத்தில் என் முகம் தெளிவாக இருப்பது அந்த ஒரே இடத்தில்தான்.

தம்பி மனைவி அதைப் பார்த்தாள். "உப்பு வைக்காக" என்றாள். மறுபடியும் போடச் சொன்னாள்.

குருவிகுளத்துக்கு அப்பால் ஒரு சிற்றூரில் நாலேழு அண்ணாச்சி மகள் வீட்டில் இருக்கிறார் என்று பழைய தறிக்காரர் ஒருவர் சொன்னார். பஸ்ஸில் போனேன். வேப்பமரத்தடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என் காலைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டார்.

"பந்தியப் பாத்துட்டேன் அண்ணாச்சி" என்றேன்.

"டிஸ்க் இன்னும் ஓடுதா?" என்றார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "கீறல் ஒண்ணும் இல்லையே? நடுவுல நிக்கலியே?"

"நிக்கல. அண்ணாச்சி, நான் உங்களுக்குச் செஞ்சது..."

"அட்சதை எப்படி இருக்கு?"

"ஒவ்வொரு அரிசியும் தெரியுது" என்றேன். பிறகு பங்குனியில் தம்பி போனதைச் சொன்னேன். அவர் பக்கத்தில் நின்றார். "ஏன் அன்னைக்கே சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா மாத்திப் போடச் சொல்லியிருப்பிய. இன்னொரு பதினொரு மணி நேரக் கரண்டுக்கு நான் எங்க போவேன்?" என்றார். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "என்னைக்காவது பாப்பியன்னு நெனச்சேன். அவரு இருக்கும்போதே பாப்பியன்னு நெனச்சேன்."

சங்கரன்கோவிலில் நான் சொன்னதைக் கேட்டு நம்பியவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காக இதை அச்சில் சொல்கிறேன்: அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. தொழில் தெரியாதவரும் இல்லை. சதுரமாக இருந்தது நான்தான்.

பஸ் ஏற்றிவிட வந்தபோதும் என் காலைப் பார்த்தார். "இந்த வயசுலயும் ஏழு கேக்குதே அண்ணாச்சி" என்றார். வீட்டுக்கு வந்ததிலிருந்து ஆடாமல் உட்காரப் பழகிக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்கு ஐந்து நிமிஷம் முடிகிறது. அதில் எவ்வளவு இடம் மிச்சமாகிறதோ, அவ்வளவும் அவருக்கு.